பெட்டி கட்டுவதற்கு முன்

அன்புள்ள மருமகனே,

தடாவில் அறை எடுத்துத் தங்கி, ஆந்திராவின் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை தேடப் போவதாக உன் அம்மா சொன்னாள். கொஞ்சம் பொறு. பள்ளிப்பட்டில் இருந்தபடியே விண்ணப்பம் போடு.

டிப்ளமோ முடித்த கையோடு நான் பெங்களூர் பீன்யாவுக்குப் பெட்டியோடு போய் இறங்கினேன். அட்வான்ஸும் மெஸ்ஸும் கைக்காசைக் கரைத்தன. மூன்றாம் மாதம், சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் முதலில் கிடைத்த வேலைக்குத் தலையாட்டினேன். வாடகை பாக்கி இருப்பவனுக்குப் பேரம் பேச வாய் வராது.

வெளிமாநிலம் என்று மிரளாதே. 1960 ஏப்ரல் 1 வரை நம்மூர் சித்தூர் மாவட்டம். இன்று ஸ்ரீசிட்டி இருக்கும் சத்தியவேடு பகுதி செங்கல்பட்டு மாவட்டம். படாஸ்கர் என்பவரின் பரிந்துரைப்படி இரு மாநில எல்லையை மாற்றியபோது இரண்டும் இடம் மாறின. தமிழும் தெலுங்கும் கலந்து பேசியே வளர்ந்தவன் நீ. இரண்டு மொழியும் தெரியும் என்பதை ரெஸ்யூமின் முதல் பக்கத்திலேயே எழுது.

ஒரு சிக்கல் இருக்கிறது. தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று 2019இல் ஆந்திரா சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பயந்து நகரிச் சித்தப்பா வீட்டு முகவரியைப் போட்டுவிடாதே. ஆதாரைக் கேட்கும் நாளில் பொய்யனாக நிற்பாய். பள்ளிப்பட்டு என்றே போட்டு, கீழே ஒரு வரி சேர்: "ஆணை கிடைத்த பத்து நாளில் பக்கத்திலேயே வந்து தங்கி வேலையில் சேர்வேன்." வெளியூர்ப் பையன் வருவானா, நிலைப்பானா என்பதுதான் எச்.ஆர். கவலை. அந்த ஒரு வரி அதற்குப் பதில்.

முதல் சுற்று நேர்காணலை வீடியோவில் வைக்க முடியுமா என்று கேள், கேட்பதில் தப்பில்லை. இவற்றையும் கேள்: கம்பெனி ரோலா, காண்ட்ராக்டா? பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு? இரவு ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ் எந்த ஊர் வரை வரும்? பதிலை எழுத்தில் வாங்கு. பி.எஃப்.புக்கான யூ.ஏ.என். எண் ஏற்கெனவே இருந்தால் அதையே கொடு. மாநிலம் மாறினாலும் எண் மாறாது.

வேலை வாங்கித் தர முன்பணம் கேட்பவனை வாசலோடு அனுப்பிவிடு. ஒரிஜினல் சான்றிதழைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்குவதற்குள் பதினோரு மாதம் அலைந்தேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் சேர்த்தே போடு. ஆணை வந்ததும் போன் செய். ஆரம்பாக்கத்தில் அறை பார்க்க நானும் வருகிறேன். அங்கிருந்து ரயிலில் அடுத்த ஸ்டேஷன் தடா.

அன்புடன்,
மாமா