துவைக்கும் முகக்கவசமும் எறிந்துவிடும் முகக்கவசமும்



மருத்துவமனைக்குத் துணி முகக்கவசம் தைத்து அனுப்புவதா, அல்லது ஒருமுறை அணிந்து எறியும் முகக்கவசத்திற்குப் பணம் அனுப்புவதா? தையல் தெரிந்த சகோதரிகள் உள்ள சபைகளில் இக்கேள்வி எழுவது இயல்பே. இதைக் குறித்து நாம் சற்றுப் படித்தறிவது நல்லது.

துணிக்கவசம் பழைமையானது. 1897-ல் பிரெஸ்லாவ் நகரத்து அறுவை மருத்துவர் மிக்குலிச், வாயில் காஸ் துணி கட்டி அறுவை சிகிச்சை செய்தார். 1910-11-ல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென் டே காஸும் பஞ்சும் வைத்த கவசத்தையே அணியச் செய்தார். எறிந்துவிடும் வகை 1960-களில்தான் மருத்துவமனைகளில் பரவியது.

இரண்டுக்கும் வித்தியாசம் நடு அடுக்கில் இருக்கிறது. எறியும் கவசத்தின் நடுவிலுள்ள பாலிப்ரொப்பிலீன் இழைகளுக்கு மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். காந்தம் இரும்புத் தூளை இழுப்பதுபோல அது நுண்ணிய துகள்களை இழுத்துப் பிடிக்கும். துணிக்கு அந்த ஆற்றல் இல்லை. நெசவின் நெருக்கமே அதன் பலம்.

2011-ல் வியட்நாமின் ஹனோய் நகரில் 14 மருத்துவமனைகளின் 1,607 ஊழியரைக்கொண்டு இவற்றை ஒப்பிட்டார்கள். ஒரு குழுவினருக்கு வேலை நேரத்திற்கு இரண்டு எறியும் கவசங்கள். இன்னொரு குழுவினருக்கு ஆளுக்கு ஐந்து துணிக்கவசங்கள். நான்கு வாரத்தில் துணி அணிந்தவர்களிடையே காய்ச்சலும் இருமலும் தெளிவாகவே அதிகமாயிருந்தன. 2015-ல் இம்முடிவு வெளியானபோது, துணியே தீங்கு என்று பலர் எண்ணிவிட்டார்கள். அது அவசரமான முடிவு. கவசமே அணியாதோர் குழு ஒன்று அந்த ஆய்வில் இல்லை.

2020-ல் அதே ஆய்வாளர்கள் பழைய விவரங்களை மறுபடியும் எடுத்து, கவசத்தைத் துவைத்தது யார் என்று பார்த்தார்கள். மருத்துவமனைச் சலவையகத்தில் துவைத்த துணியை அணிந்தவர்கள், எறியும் கவசம் அணிந்தவர்களுக்கு இணையாகவே பாதுகாக்கப்பட்டிருந்தார்கள். தாங்களே கையால் துவைத்துக்கொண்டவர்களுக்கோ நோய்த்தொற்று ஏறக்குறைய இருமடங்கு. பகல் முழுவதும் வார்டில் நின்ற செவிலியர், வீட்டுக்குப் போய்ச் சமையலையும் பிள்ளைகளையும் கவனித்து, கவசத்தையும் தினந்தோறும் நன்றாகத் துவைக்கவேண்டும் என்றால், அந்தப் பாரத்தை அவர்மேல் வைப்பது நியாயமல்ல.

கிராமங்களின் நிலை வேறு. வங்காளதேசத்தில் 600 கிராமங்களில் நடந்த கோவிட் ஆய்வில், எறியும் கவசம் வழங்கிய கிராமங்களில் அறிகுறியோடு கூடிய தொற்று 11 சதவீதம் குறைந்தது. முதியோருக்கு அதிக நன்மை. துணிக்கு அவ்வளவு உறுதியான பலன் தெரியவில்லை. ஆனால் எறியும் கவசம் பிளாஸ்டிக் இழை, மக்காது. மாதந்தோறும் வாங்கவும் வேண்டும். (காசநோய் வார்டில் செவிலியருக்கு இவ்விரண்டுமே போதாது, என்95 வேண்டும்.)

ஆகவே வார்டுக்கென்று தைக்க விரும்பும் குழுவினர், அங்கே சலவையகம் உண்டா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் நெருங்கிய நெசவுள்ள பருத்தித் துணியில் மூன்றடுக்காகத் தையுங்கள். நாளொன்றுக்கு ஒருமுறையாவது 60 டிகிரி வெந்நீரில் சோப்பிட்டுத் துவைக்கக்கூடிய துணியாக இருக்கட்டும். சலவையகம் இல்லாவிட்டால், துணிக்கான பணத்தை எறியும் கவசத்திற்கோ, ஒரு சலவை இயந்திரத்திற்கோ கொடுப்பது மேல்.