சொல்ல முடியாதவற்றால் பலம் பெறும் மொழிகள்

துறைசார் மாதிரியாக்க மொழி என்பது, ஒரு தொழில்துறையில் புழங்கும் கருத்துகளையே சொற்களாகவும் சின்னங்களாகவும் கொண்டு, அத்துறையின் விதிகளையே இலக்கணமாக ஏற்று அமைக்கப்படும் சிறிய கணினி மொழியாகும். அதில் வரையப்படும் மாதிரியிலிருந்து இயங்கத்தக்க நிரலை, குறிமுறை ஆக்கி எனப்படும் மென்பொருள் தானே உருவாக்கித் தருகிறது. இம்மொழிகளைப் பற்றி நிரலாளர்களிடையே வேரூன்றிய சில நம்பிக்கைகள் உண்மையோடு பொருந்துவதில்லை.

நம்பிக்கை: இது அண்மைக்காலப் புதுமோகம்.

உண்மை: 1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பலகைகளுக்குப் புதிதாகக் கம்பியிணைக்க வேண்டியிருந்த தொல்லைக்கு மாற்றுத் தேடியதன் விளைவாகவே, பி.எல்.சி. எனும் கட்டுப்பாட்டுக் கருவி பிறந்தது. அதைக் கையாள வேண்டியிருந்தவர்கள் கணினி பயின்றவர்கள் அல்லர், ரிலே சுற்றுகளில் கைதேர்ந்த மின்பணியாளர்கள் என்பதால், இரு செங்குத்துக் கோடுகளுக்கிடையே படிப்படியாகத் தொடுமுனைகளையும் சுருள்களையும் காட்டும் அவர்களுடைய பழகிய படமே ‘லேடர்’ என்ற நிரல்மொழியாயிற்று. 1993இல் வெளிவந்த ஐ.இ.சி. 61131-3 தரநிலை ஏற்றுக்கொண்ட ஐந்து மொழிகளுள் அதுவும் ஒன்று. ஆலைகளில் அது இன்றும் வழக்கொழியவில்லை.

நம்பிக்கை: யு.எம்.எல். இருக்கும்போது இன்னொரு மொழி எதற்கு?

உண்மை: 1997இல் தரநிலையான யு.எம்.எல்., வங்கிக்கும் மருத்துவமனைக்கும் ஒருசேரப் பொருந்துமாறு அமைந்த பொது மாதிரியாக்க மொழி. வட்டி விகிதம் குறிக்கப்படாத கடன் பிழையானது என்பது வங்கியாளருக்குத் தெரியும், யு.எம்.எல். வரைபடத்துக்கோ, யாரேனும் அவ்விதியைத் தனியே எழுதிச் சேர்த்தாலன்றித் தெரியாது. கடனுக்கென்றே வகுத்த மொழியில் அத்தகைய மாதிரியை முழுமையானதாக ஏற்கவே இலக்கணம் இடந்தராது.

நம்பிக்கை: தானாக உருவாகும் நிரலை உயிர்காக்கும் பணிகளில் நம்ப இயலாது.

உண்மை: நடைமுறை இதற்கு நேர்மாறானது. பிரான்ஸின் கிரெநோபிள் நகரில் 1980களில் உருவான லஸ்டர் மொழியை அடிப்படையாகக் கொண்ட ஸ்கேட் என்ற கருவி, ஏர்பஸ் விமானங்களின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் பயன்பட்டுள்ளது. அதன் குறிமுறை ஆக்கி, வான்பயண மென்பொருளுக்குரிய டி.ஓ.-178பி நெறிமுறைப்படி தகுதிபெற்றதாதலால், மனிதர் எழுதிய நிரலுக்கு வேண்டிய சரிபார்ப்புகளுள் சிலவற்றை இங்கே தவிர்க்க முடிகிறது. முடிவில்லாது சுழலும் கட்டளைத் தொடரையோ, இயக்கத்தின் நடுவே புதிது புதிதாக நினைவகம் கோரும் கட்டளையையோ லஸ்டரில் எழுத வழியில்லை. ஆகவே நிரல் இயங்கும் ஒவ்வொரு சுற்றும் எவ்வளவு நினைவகம் கேட்கும், எவ்வளவு நேரத்துக்குள் முடியும் என்பதை முன்கூட்டியே வரையறுக்க முடிகிறது. குறையென்று பொதுமொழிக்காரர்கள் எண்ணும் இந்த இயலாமைதான் அங்கே பாதுகாப்பு.

நம்பிக்கை: இனி நிரலாளர் தேவையில்லை.

உண்மை: விற்பனையாளர்கள் விரும்பிச் சொல்லும் இக்கூற்றே எல்லாவற்றினும் பலவீனமானது. மொழியை வகுப்பவரும், ஆக்கியைப் பேணுபவரும், மொழி மாறுந்தோறும் பழைய மாதிரிகளைப் புதிய இலக்கணத்துக்கு மாற்றுபவரும் தேர்ந்த நிரலாளர்களாகவே இருந்தாக வேண்டும். மொழியை உருவாக்குவதைவிட அதைப் பல்லாண்டு பேணுவதற்கே செலவு மிகுமாதலால், ஒருமுறை எழுதி முடித்துவிடும் மென்பொருளுக்கு இம்முறை வீண். ஒரே வகைப் பொருளைப் பல வடிவங்களில் ஆண்டுதோறும் வெளியிடும் நிறுவனத்துக்கே அது கட்டுப்படியாகும்.