வீடு மாறும் பவளப்பாறை

மாணவர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குவோம். ஓர் அடுக்குமாடி வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. உள்ளே சில பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள், ஓர் இறால், நடுவில் கல் குவியல், அடியில் மணல். குடும்பம் உட்லண்ட்சிலிருந்து பொங்கோலுக்கு வீடு மாறுகிறது. தொட்டியில் உள்ளவற்றுள் எதை மிகக் கவனமாகக் கொண்டுபோக வேண்டும்?

வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர் மீன் என்பார்கள். சிலர் பவளம் என்பார்கள். "பழைய தண்ணீர்தான் டீச்சர், அதில்தானே நல்ல பாக்டீரியா இருக்கிறது" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். என் விடை, கல்.

காரணத்தைப் பார்ப்போம். மீன்கள் தம் செவுள்கள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியாதான். இது மீனுக்கு நஞ்சு. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. பாடநூலில் நைட்ரஜன் சுழற்சி என்று படித்தீர்களே, அதேதான். இந்தப் பாக்டீரியாக்கள் நீரில் மிதப்பது மிகக் குறைவு. ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டே வாழும். தொட்டியில் உள்ள கல்லோ நுண்துளைகள் நிறைந்தது. ஆகவே, அதன் பரப்பளவு கண்ணுக்குத் தெரிவதைவிடப் பன்மடங்கு அதிகம்.

தண்ணீரில் பாதியைக் கொட்டிவிட்டாலும் இந்த அமைப்பு பிழைத்துக்கொள்ளும். ஆனால், லாரியில் கல்லை வெறும் அட்டைப்பெட்டியில் வைத்து உலரவிட்டால், அதில் வாழும் புழுக்களும் கடற்பஞ்சுகளும் இறந்து அழுகத் தொடங்கும். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா குறையும் அதே நேரத்தில் அமோனியா பெருகும். புது வீட்டில் இரண்டு மூன்று நாளில் மீன்கள் மேலே வந்து திணறுவது பல சமயங்களில் இதனால்தான். எனவே, கல்லை மூடியுள்ள வாளிகளில், தொட்டி நீரிலேயே மூழ்கவைத்துக் கொண்டுசெல்ல வேண்டும்.

மணல் விஷயம் வேறு. தடித்த மணல் படுகையின் அடியில் ஆக்சிஜன் எட்டாது. அங்கே ஹைட்ரஜன் சல்பைடு உருவாகித் தேங்கியிருக்கலாம். கறுத்த மணலும் அழுகிய முட்டை நாற்றமும் அதற்கு அடையாளம். அதைக் கிளறி அப்படியே புதுத் தொட்டியில் கொட்டுவது ஆபத்து. கடல்நீரில் நன்றாக அலச வேண்டும். பழைய மணலாக இருந்தால் மாற்றிவிடுவதே மேல் என்பேன்.

எடையையும் கணக்கிடுங்கள். கடல்நீரின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிலோகிராம். 200 லிட்டர் என்றால் 205 கிலோகிராம், கல்லும் கண்ணாடியும் தனி. கொஞ்சம் நீரும் மணலும் இருக்கட்டும் என்று அப்படியே தூக்கினால் கண்ணாடி இணைப்புகள் விட்டுப்போகும். முழுவதும் காலி செய்துதான் தூக்க வேண்டும்.

காலி செய்வதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் சுத்தமான மேல்நீரை வாளிகளில் எடுங்கள். பிறகு பவளங்கள், பிறகு கற்கள். மீன்களைக் கடைசியாகப் பிடியுங்கள். ஒளிய இடமில்லாமல், நீர் மட்டமும் தாழ்ந்திருக்கும்போது, துரத்தித் துன்புறுத்தாமல் வலையில் எடுத்துவிடலாம். புது வீட்டில் கல், மணல், நீர் எல்லாம் அமைந்து கலங்கல் தெளிந்த பிறகே மீன்கள் உள்ளே போக வேண்டும்.

பயணத்துக்கு மாலை நேரமே நல்லது. நம் ஊர் மதிய வெயிலில் லாரிக்குள் வாளி நீர் எளிதில் சூடாகிவிடும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், கடல்நீரில் 6.7 மில்லிகிராம்தான். 30 டிகிரியில் அதுவும் 6.2 ஆகிவிடும். பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று இருந்தால் கவலையில்லை.

பைகளில் மூடி நெடுநேரம் கொண்டுவந்த மீனாக இருந்தால் ஒரு சுவையான வேதியியல் நடக்கிறது. மீன் விடும் கார்பன் டைஆக்சைடு பையிலேயே தங்கி நீரின் பிஎச் மதிப்பைக் குறைக்கும். அப்போது அமோனியாவின் பெரும்பகுதி, நச்சு குறைந்த அமோனியம் அயனியாக இருக்கும். பையைத் திறந்ததும் கார்பன் டைஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும். அமோனியம் மீண்டும் அமோனியாவாகும். பிஎச் 7இலிருந்து 8க்கு உயர்ந்தால் நச்சுப் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகும்! அதனால், பையைத் திறக்கும் முன்பே மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். திறந்த பிறகு நெடுநேரம் அதிலேயே விட்டுவைக்காதீர்கள்.

குறையும் நீருக்கு ஈடாகப் புதுக் கடல்நீரை முதல் நாளே கலந்து வையுங்கள். 60 லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் கடல் உப்பு தேவைப்படும். சமையல் உப்பு உதவாது. சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமைன் இருப்பதால் அதை நீக்கும் மருந்தைச் சேர்க்காமல் பயன்படுத்தக்கூடாது.

அடுத்த இரண்டு வாரம் தீனியைக் குறையுங்கள். பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டுதான் உணவு தயாரிக்கின்றன. ஆனாலும் விளக்கை முதல் நாளே முழு நேரம் எரியவிடாமல் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அமோனியாவைத் தினமும் சோதியுங்கள். பெரும்பாலான சோதனைத் திரவங்களில் மஞ்சள் நிறம் வந்தால் அமோனியா இல்லை என்று பொருள். பச்சையாக மாறினால் தீனியை நிறுத்தி, அன்றே கால் பங்கு நீரை மாற்றுங்கள்.