இறக்கும் முன் அளந்து பாருங்கள்: பழுதான போர்ஷே 944 இன்ஜினுக்கு எந்த வழி?

போர்ஷே 944 சந்தையில் இருந்தது 1982 முதல் 1991 வரை. பெரும்பாலான கார்களில் முன்பக்கம் 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின். எடை சமமாகப் பரவ கியர்பாக்ஸைப் பின்னால் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். திருப்பங்களில் இது ஓடும் அழகுக்காகவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கையில் காசு குறைவாக உள்ள ரசிகர்கள் பலர் இதைத் தேடி வாங்கினார்கள். சிக்கல் இதற்குப் பிறகுதான். பழையதாக ஆக ஆகக் காரின் விலை இறங்கியது, உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை. இன்ஜின் போய்விட்டால், நல்ல பட்டறையில் முழு வேலையும் செய்து வாங்கும் செலவு காரின் விலையையே தாண்டிவிடலாம். அப்போது உரிமையாளர் முன் நான்கு வழிகள் நிற்கும்: கெட்டதை மட்டும் மாற்றுவது, முழுவதும் பிரித்துக் கட்டுவது, பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி வைப்பது, வேறு காரின் இன்ஜினைப் பொருத்துவது. எது மலிவு என்று கேட்டுக்கொண்டுதான் பலரும் தொடங்குகிறார்கள். என்ன கெட்டிருக்கிறது என்று தெரியாதவரை அதற்குப் பதிலே கிடையாது. பணம் குறைவாக இருப்பவர் முதல் செலவைப் பரிசோதனைக்குச் செய்ய வேண்டும்.

இந்த இன்ஜினில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. கூலன்ட் தொட்டியைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஆயில் கலந்து நிற்கும். பார்த்தவுடன் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் 944-இல் ஆயில் கூலரின் ரப்பர் சீல்கள் வயதாகிக் கெட்டாலும் இதே கோலம்தான். ஓடும் இன்ஜினில் ஆயிலின் அழுத்தம் கூலன்டைவிட அதிகம். அதனால் ஆயில் தண்ணீருக்குள் புகுந்துவிடும். இரண்டையும் பிரித்தறிய லீக்-டவுன் சோதனை போதும். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றை அழுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். புகைக்குழாயில் காற்று சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர், அதாவது சிலிண்டரின் உள்சுவர். கூலன்ட் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். நான்கு சிலிண்டரும் காற்றைப் பிடித்து நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆயில் கூலர் சீல்களைத்தான். சில சீல்களோடு முடியும் வேலைக்கு இன்ஜினையே இறக்குவது எவ்வளவு பெரிய வீண்!

டைமிங் பெல்ட் அறுந்தாலும் கணக்கு இதேதான். இந்த இன்ஜினில் பெல்ட் போனால் பிஸ்டன் வால்வில் மோதும், வால்வுகள் வளையும். கேட்கப் பயங்கரமாக இருந்தாலும், பெரும்பாலும் சேதம் ஹெட்டோடு நின்றுவிடும். பிஸ்டன் தலையில் லேசான தழும்பு மட்டும் இருந்து, போரும் பேரிங்கும் நன்றாக இருந்தால், ஹெட்டை மட்டும் கழற்றி வளைந்த வால்வுகளை மாற்றுவதே சரியான வழி. கீழ்ப்பகுதியைத் தொட வேண்டாம்.

கீழிருந்து தட்டும் சத்தம் வந்தால் கதை வேறு. 944-இன் தெரிந்த பலவீனம் இரண்டாவது கனெக்டிங் ராடின் பேரிங். ஆயில் குறைவாக வைத்துக்கொண்டு நீண்ட திருப்பங்களில் வேகமாக ஓட்டினால் முதலில் அடிபடுவது இதுதான். ஆயில் ஃபில்டரை அறுத்து உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறத் துகள்கள் மினுங்கினால் பேரிங் தேய்ந்து செம்பு அடுக்கு வரை போய்விட்டது என்று பொருள். அடுத்து ஆயில் சம்பை இறக்கி, அந்த ராடின் மூடியைக் கழற்றி, கிராங்கின் ஜர்னலை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். இதற்கு இன்ஜினை வெளியே எடுக்கத் தேவையில்லை. முன் கிராஸ்மெம்பரை இறக்கினால் கீழிருந்தே செய்யலாம். ஜர்னல் வழவழப்பாகவும் அளவுக்குள்ளும் இருந்தால் புதிய பேரிங், புதிய ராடு போல்ட்-நட்டுகளோடு வேலை முடிந்தது. நகத்தை ஓட்டினால் சிக்கும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் கிராங்கைக் கிரைண்டிங் செய்தாக வேண்டும். அப்போது இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும்.

போரின் நிலை எல்லாவற்றையும்விட முக்கியம். பல கார்களில் பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது. மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் முதல் இரு தலைமுறைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: போரில் கோடு விழுந்தால் சாதாரண லேத் பட்டறையிலேயே ரீபோர் செய்து, ஒரு அளவு பெரிய பிஸ்டன் போட்டுவிடலாம். 944-இன் பிளாக் அலுசில் என்ற அலுமினியக் கலவை. அதில் சிலிக்கான் சுமார் 17 சதவீதம். இரும்பு லைனர் கிடையாது. அலுமினியத்தைச் சற்றே குறைத்து, கடினமான சிலிக்கான் துகள்களை மேலே நிற்க வைத்திருப்பார்கள். இரும்புப் பூச்சு பூசிய பிஸ்டன் அந்தத் துகள்கள் மேல்தான் ஓடுகிறது. வழக்கமான ஹோனிங் கல்லை உள்ளே விட்டால் துகள்கள் உடையும், போர் பாழாகும். எனவே இந்த வேலை தெரிந்த பட்டறை, அதற்கேற்ற பிஸ்டன் இரண்டும் வேண்டும். சிறிய பட்ஜெட் உடைவது இங்கேதான். போரில் ஆழமான கோடு இருந்தால் சொந்த பிளாக்கைக் காப்பாற்றும் ஆசையை விட்டுவிடுங்கள்.

அந்த நிலையில் மட்டும் பழைய இன்ஜின் நியாயமான வழி. எப்படியும் அதுதான் மலிவு, நேராக அதற்கே போகலாமே என்று சிலர் வாதிடுவார்கள். விற்பவர் கம்ப்ரெஷன் அளவைக் காட்டுவார். கம்ப்ரெஷன் சோதனை ரிங்கையும் வால்வையும் பற்றிச் சொல்லும். இரண்டாவது ராடு பேரிங்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 1991-இல் உற்பத்தி நின்ற காரின் இன்ஜின் எங்கிருந்து வந்தாலும் அதன் வயது முப்பதுக்கு மேல். வாங்கிய பிறகும் சம்பைக் கழற்றி ராடு பேரிங், ஆயில் கூலர் சீல், கிராங்க் சீல், பெல்ட்கள், டைமிங் பெல்ட்டே சுற்றும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் காரில் ஏற்றும் முன்பே மாற்ற வேண்டும். இந்தச் செலவைச் சேர்த்த பிறகுதான் அதன் உண்மையான விலை தெரியும். சொந்த இன்ஜினில் போர் நன்றாக இருக்கும்போது, அளந்து பார்த்த ஒன்றைத் தூக்கிப்போட்டு அளக்காத ஒன்றை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மிஞ்சியிருப்பது வேறு காரின் இன்ஜினைப் பொருத்தும் வழி. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8 இன்ஜினை 944-இல் பொருத்துகிறார்கள். இன்ஜின் மலிவாகக் கிடைக்கலாம். மவுன்ட், ரேடியேட்டர், வயரிங், கிளட்ச் இணைப்பு, எக்ஸாஸ்ட் எல்லாம் தனித்தனிச் செலவு. ஜெர்மனியில் இத்தகைய மாற்றத்தைப் பரிசோதித்துப் பதிவும் செய்தாக வேண்டும். வேகம் வேண்டும் என்பவர்களுக்கு இது சரி, பணத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு இல்லை.

பிரித்துக் கட்டுவது என்று முடிவானால், சிக்கனத்தை உழைப்பில் காட்டுங்கள். கழற்றுவது, கழுவுவது, மறுபடி பொருத்துவது எல்லாம் நீங்களே செய்யலாம். அளவெடுக்கும் வேலையும் மெஷின் வேலையும் தெரிந்தவரிடம் போகட்டும். வண்ணப்பூச்சும் குரோம் மூடியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பேரிங் துகள் சுற்றிய இன்ஜினில் ஆயில் கூலரைக் கழுவாமல், கிராங்கின் ஆயில் துளைகளைத் தூரிகை விட்டுச் சுத்தம் செய்யாமல் மூடிவிடாதீர்கள். உள்ளே தங்கிய துகள் புதிய பேரிங்கையும் தின்றுவிடும். முழுச் செலவையும் இரண்டாம் முறை செய்ய நேரும்.