பூட்டிய வீட்டுக்கும் அயல் உண்டு

நலன்புரி நிலையத்தில் நிவாரண வரிசையில் நிற்கும் ஒருவருக்கு ஒரு செய்தி எட்டுகிறது: "உங்கடை வளவுக்குப் பக்கத்தில் பெரிய தொழிற்சாலை வரப்போகுதாம்." அவர் பெருமூச்சு விடுகிறார். "நாங்களே அங்கு இல்லை. அதைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு என்ன உரிமை?" என்று எண்ணி வரிசையில் ஓர் அடி முன்னே நகர்கிறார்.

இடம்பெயர்ந்த எம்மிற் பலர் இப்படித்தான் எண்ணுகிறோம். இந்த எண்ணம் பிழையானது. காணியை விட்டு வெளியேறியவர் அயலவர் என்ற உரிமையை இழப்பதில்லை. அந்த உரிமையை எப்படிக் காப்பது என்பதே இம்முறை எமது பாடம். பாடப் புத்தகமாக ஓர் ஊரையே எடுத்துக் கொள்வோம்.

சம்பூர் கற்றுத் தந்தது

திருகோணமலை மாவட்டத்தில் கொட்டியாரக் குடாவின் கரையில் உள்ளது சம்பூர். வயல், மேட்டுநிலப் பயிர், மாடு, கரைவலை என்பன அம்மக்களின் சீவியம். 2006 ஏப்ரலில் தொடங்கிய தாக்குதல்களால் சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை ஆகிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பலர் பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ நேர்ந்தது.

அந்த 2006 முடிவதற்குள், டிசெம்பரில், திருகோணமலையில் நிலக்கரி அனல் மின் நிலையம் ஒன்றை அமைப்பதற்கு இலங்கையும் இந்தியாவும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. 2007இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. மின் நிலையத்துக்குச் சம்பூர் தெரிவாயிற்று. அதன் வலு 500 மெகாவாற்று. ஒதுக்கப்பட்ட காணி ஏறக்குறைய 500 ஏக்கர். 2012இல் கனரகக் கைத்தொழில் வலயம் என்று இன்னொரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. இதன்கீழ் 818 ஏக்கர் ஒரு தனியார் கம்பனிக்குப் போயிற்று.

திட்டம் வரைந்தவர்களின் கண்ணுக்கு அது ஆளில்லாத நிலமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் ஆட்கள் இருந்தார்கள், முகாமில் இருந்தார்கள். வேறிடத்தில் காணி தருகிறோம் என்று சொல்லப்பட்டபோதும் பல குடும்பங்கள் "எங்கள் ஊரே வேண்டும்" என்று உறுதியாக நின்றன. அவர்கள் அதை ஏற்றுப் பிரிந்து போயிருந்தால், பின்னர் கேட்பதற்கு ஆளே இருந்திராது.

2015 மேயில் அந்த 818 ஏக்கருக்கான அறிவித்தல் இரத்துச் செய்யப்பட்டது. ஓகஸ்ட்டில் காணிகள் உரியவர்களிடம் கையளிக்கப்படத் தொடங்கின. ஆயினும் அனல் மின் நிலையத் திட்டம் கைவிடப்படவில்லை. மீளக்குடியேறிய மக்கள் தங்கள் புதிய கொட்டில்களுக்கு அருகிலேயே புகைபோக்கி எழுவதை எதிர்நோக்கினார்கள். கமக்காரரும் மீனவரும் வீதியில் இறங்கினார்கள். சுற்றாடல் அமைப்பொன்று உயர் நீதிமன்றம் சென்றது. 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் அமைக்கப்படமாட்டாது என்று அரச தரப்பு அந்நீதிமன்றத்தில் அறிவித்தது.

வரும் முன் கேட்பதும் வந்த பின் அழுவதும்

மின்சாரம் எமக்கும் வேண்டும். தொழில் எம் பிள்ளைகளுக்கும் வேண்டும். ஆகவே வருவதையெல்லாம் எதிர்ப்பது எமது நோக்கமன்று. கேள்வி கேட்கும் காலம் எது என்பதே இங்கு முக்கியம்.

சுன்னாகத்தை நினைத்துப் பாருங்கள். மின் உற்பத்தி நடந்த இடத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. வழக்கு நடந்து, 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. நீதி கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே நிலத்தடி நீர் கெட்டுவிட்டது. காசு கொடுத்து ஒரு கிணற்றின் பழைய தண்ணீரைத் திரும்ப வாங்க முடியாது.

எப்பாவலையில் நடந்தது வேறு. அநுராதபுர மாவட்டத்தில் 1971இல் பொசுபேற்றுப் படிவு கண்டுபிடிக்கப்பட்ட இடம் அது. அதை வெளிநாட்டுக் கம்பனி ஒன்று பெருமளவில் அகழ்வதற்கான உடன்படிக்கை தயாரானபோது, அது கைச்சாத்தாகும் முன்னரே ஏழு பேர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். வயலும் தென்னங்காணியும் உடைய விவசாயிகளும் ஒரு விகாராதிபதியும் அவர்களில் அடங்குவர். இது பொதுமக்கள் எல்லோருக்கும் பொதுவான விடயம், தனிப்பட்டவர்கள் முறையிட முடியாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. முழுமையான ஆய்வு நடந்து அதன் முடிவு வெளியிடப்பட வேண்டும். சட்டப்படி சுற்றாடல் அனுமதியும் பெறப்பட வேண்டும். அதுவரை உடன்படிக்கை செய்யக்கூடாது என்று 2000 ஜூனில் தீர்ப்பளித்தது. நாட்டின் வளங்களுக்கு அரசு காவலனே அன்றி முழு உரிமையாளன் அல்ல என்பதும் அத்தீர்ப்பின் கருத்து.

சட்டம் திறந்து வைத்துள்ள கதவு

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டது. அதன்படி, குறித்துரைக்கப்பட்ட பெருந்திட்டங்கள் தொடங்கு முன் அனுமதி பெற வேண்டும். 25 மெகாவாற்றுக்கு மேற்பட்ட அனல் மின் நிலையம் அவற்றுள் ஒன்று. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். அன்று தொடக்கம் 30 நாட்களுக்குள் எவரும் அறிக்கையைப் பார்வையிட்டு எழுத்தில் கருத்துக் கூறலாம்.

"எவரும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த ஊரில் இப்போது குடியிருப்பவர் மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. முகாமிலிருந்தும் எழுதலாம், உறவினர் வீட்டிலிருந்தும் எழுதலாம்.

எழுதும்போது "எங்களுக்கு இது வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் அது இலகுவாக ஒதுக்கப்படும். கமக்காரருக்குத் தெரிந்ததையே கேள்வியாக எழுதுவோம்:

1. நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் எடுப்பார்கள்? குளத்திலா, நிலத்தடியிலா, கடலிலா?
2. கச்சான் காற்றில் தூசியும் சாம்பலும் எந்தப் பக்கம் போகும்? வாடைக் காற்றில் எந்தப் பக்கம்? (நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தைச் சூழ வாழ்வோர், காற்றில் பறந்துவரும் சாம்பலைப் பற்றி முறையிட்டு வந்துள்ளனர்.)
3. சூடான நீரும் கழிவு நீரும் எங்கே விடப்படும்? அங்கே யாருடைய கரைவலைப் பாடு உள்ளது?
4. மேய்ச்சல் தரை, வாய்க்கால், வண்டில் பாதை, சவக்காலை, கோவில் என்பன வரைபடத்தில் காட்டப்பட்டுள்ளனவா?
5. எத்தனை பேருக்கு வேலை? கட்டி முடியும் வரைக்குமா, நிரந்தரமாகவா?
6. இடம்பெயர்ந்துள்ள குடும்பங்கள் அயலவர் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளனவா?

ஆறாவது கேள்வியை எம்மைத் தவிர வேறெவரும் கேட்கப் போவதில்லை.

இன்றே செய்யக்கூடியவை

ஊர்ப் பெயர்ப்பட்டியல் ஒன்றை எழுதுங்கள். குடும்பத் தலைவர், காணியின் பெயர், நான்கு எல்லைகள், இப்போது வாழுமிடம் ஆகியவை அதில் இருக்கட்டும். எல்லைகளை வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்களோடு அந்த அறிவும் போய்விடக்கூடாது.

உறுதி, அனுமதிப் பத்திரம், பழைய வரிப் பற்றுச்சீட்டு, வாக்காளர் இடாப்புப் பிரதி என்பவற்றில் இருப்பதைப் பிரதியெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள்.

ஒரு திட்டம் பற்றிக் கதை அடிபட்டால், கதையாகவே விடாமல் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரதேச செயலகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் எழுதுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடிப்படை உரிமை மனுவுக்குத் தவணை ஒரு மாதம் மட்டுமே என்பதால், சட்டத்தரணியிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அயலூரவர் எந்த மொழி பேசினாலும், எந்தச் சமயத்தவரானாலும் அவர்களோடு சேர்ந்தே எழுதுங்கள். சாம்பல் ஆள் பார்த்து விழுவதில்லை.

சம்பூரின் பாடம் இன்னும் முடியவில்லை. 2025 ஏப்ரலில் அங்கு 120 மெகாவாற்று சூரிய மின் நிலையத்துக்கான வேலைகள் தொடக்கி வைக்கப்பட்டன. சூரிய ஒளியில் புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. ஆனாலும் அதற்கும் பரந்த நிலம் வேண்டும். அது யாருடைய நிலம், மாடுகள் எங்கே மேயும் என்ற கேள்விகள் அப்படியே இருக்கின்றன. நல்ல திட்டமானால் அது கேள்விகளுக்கு அஞ்சாது.

சங்கத்தில் கலந்துரையாட

1. எமது ஊரில் ஒவ்வொரு வளவின் எல்லையையும் சொல்லக்கூடியவர்கள் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்கள் எங்கே?
2. எமது ஊரைப் பற்றிய ஓர் அறிவித்தல் நாளை பத்திரிகையில் வந்தால், அதை முதலில் வாசித்து எல்லோருக்கும் அறிவிக்கப் போவது யார்?
3. இந்த வாரத்துக்குள் நாம் பிரதியெடுத்து வைக்கப்போகும் பத்திரங்கள் எவை?