கூரை போட்ட வீடே வீடு

பல ஊர்களில் பாதியில் நின்ற வீடுகளைப் பார்க்கலாம். சுவர் இருக்கும். கூரை இருக்காது. சுவர் மேல் செடி முளைத்திருக்கும். வீட்டுக்காரர் பக்கத்திலேயே குடிசையில் இருப்பார். வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் வளரும்.

இப்படி ஏன் ஆகிறது? கையில் உள்ள பணத்தைப் பார்க்காமல் பெரிய வீடாகத் தொடங்குவது ஒரு காரணம். கூரைச் செலவை முதலிலேயே கணக்குப் பார்க்காதது இன்னொரு காரணம்.

கான்கிரீட் கூரை போட முதலில் கீழே பலகை அடித்து முட்டுக் கொடுக்க வேண்டும். இதுதான் சென்ட்ரிங். இதற்கு வாடகை உண்டு. ஆள் கூலியும் உண்டு. கூரை இறுகியதும் அதைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். அந்தப் பணம் வீட்டில் தங்காது.

இந்தச் செலவைக் குறைக்க வழி உண்டு. கூரையைத் துண்டு துண்டாகத் தரையிலேயே செய்துகொள்ளலாம். பிறகு மேலே ஏற்றி அடுக்கலாம். ரூர்க்கி நகரில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த முறையை உருவாக்கியது. இதில் இரண்டே பாகங்கள். ஒன்று கான்கிரீட் விட்டம். மற்றது கான்கிரீட் பலகை. பலகையின் அகலம் சுமார் 1 அடி. நீளம் 5 அடிக்குள் இருக்கும்.

கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தில் 1980களின் நடுவில் நிர்மிதி கேந்திரம் தொடங்கப்பட்டது. குறைந்த செலவில் வீடு கட்ட அங்கே வழி காட்டினார்கள். கட்டட வேலையில் பயிற்சியும் கொடுத்தார்கள். பிறகு நாட்டின் பல மாவட்டங்களில் இதுபோன்ற கட்டட மையங்கள் வந்தன.

ஒரு கணக்கு

ஓர் அறையின் நீளம் 15 அடி. அகலம் 10 அடி. 5 அடிக்கு ஒன்றாகக் குறுக்கே விட்டம் வைக்க வேண்டும். 2 விட்டங்கள் போதும். இப்போது கூரை 3 பாகமாகப் பிரிகிறது. ஒரு பாகத்துக்கு 10 பலகை. மொத்தம் 30 பலகை. எத்தனை வாங்க வேண்டும் என்பது வேலை தொடங்கும் முன்பே தெரிந்துவிடுகிறது.

வேலை நடக்கும் வரிசை

1. சுவர் மேல் விட்டங்களை ஏற்றி வைக்க வேண்டும். விட்டத்துக்கு மட்டும் கீழே முட்டுக் கொடுத்தால் போதும்.
2. விட்டத்தின் மேல் பலகைகளை நெருக்கமாக அடுக்க வேண்டும்.
3. இடைவெளியில் கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்ப வேண்டும்.
4. இரண்டு வாரம் தண்ணீர் விட்டு ஈரம் காக்க வேண்டும்.

பலகையை இரண்டு பேர் தூக்கலாம். குடும்பத்தாரும் உதவலாம். ஆனால் விட்டம் கனமானது. அதற்குப் பல ஆள் வேண்டும். அனுபவம் உள்ள கொத்தனாரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பலகையின் கம்பி அடிப்பக்கத்தில் இருக்கும். பலகையைத் தலைகீழாக வைத்தால் உடைந்துவிடும். விரிசல் உள்ள பலகையை வாங்கக் கூடாது. செய்து 28 நாள் ஆகாத பலகையை மேலே ஏற்றக் கூடாது. நிலநடுக்கம் வரும் பகுதியில் சுவரைச் சுற்றிலும் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை போட வேண்டும். அஸ்திவாரத்திலும் கம்பியிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

சுவரில் சிக்கனம் செய்யலாம். லாரி பேக்கர் (1917–2007) இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர். அவர் எலிப்பொறிக் கட்டு முறையைப் பரப்பினார். இதில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவார்கள். சுவருக்குள் இடைவெளி விழும். 4 செங்கல் வேண்டிய இடத்தில் சுமார் 3 செங்கல் போதும். வீட்டுக்குள் வெயில் சூடும் குறையும்.

முதலில் ஓர் அறை கட்டி, கூரை போட்டுக் குடியேறலாம். பணம் சேர்ந்ததும் அடுத்த அறை கட்டலாம். மழைக்கு ஒழுகாத ஓர் அறை, கூரை இல்லாத நான்கு அறைகளைவிட மேல்.

பயிற்சி

1. சென்ட்ரிங் செலவு ஏன் வீட்டில் தங்குவதில்லை?
2. பலகையைத் தலைகீழாக வைத்தால் என்ன ஆகும்?
3. 20 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள அறைக்கு எத்தனை விட்டம் வேண்டும்? எத்தனை பலகை வேண்டும்?
4. உங்கள் ஊரில் பாதியில் நின்ற வீடு உண்டா? அது ஏன் நின்றது? கூடிப் பேசுங்கள்.