சத்தத்தைச் சமன் செய்த பிறகு



ஒலிப்பதிவுத் தொழிலில் கால் வைத்து இரண்டு வருஷமே ஆன நீ, ஒரே கச்சேரிப் பதிவை ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிள் மியூசிக்கிலும் மாற்றி மாற்றிப் போட்டு உன் வீட்டு ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, முன்னதில் நாதம் ததும்புகிறது, பின்னது சோனியாக இருக்கிறது என்று எழுதியிருந்த கடிதம் கிடைத்தது. தீர்ப்பில் எனக்கு ஆக்ஷேபமில்லை. விசாரணை நடந்த விதத்தில்தான் சந்தேகம்.

பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்கிக் கேட்பவரைத் துன்புறுத்தாதிருக்க, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவு வைத்திருக்கிறது. சத்தத்தை அளக்கும் எல்.யு.எஃப்.எஸ். கணக்கில் ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அளவு மைனஸ் 14; ஆப்பிளின் சமனிடும் வசதியான சவுண்ட் செக் ஓடிக்கொண்டிருந்தால் மைனஸ் 16. இடையிலுள்ள 2 டெசிபலைக் காது 'சத்தம்' என்று சொல்லாது, 'சுகம்' என்றே சொல்லும். ஏனெனில் 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் வரைந்து காட்டியபடி, சத்தம் குறையக் குறைய மந்த்ர ஸ்தாயிதான் நம் செவியிலிருந்து முதலில் நழுவுகிறது. நானும் ஒரு காலத்தில், டிஜிட்டல் பதிவை ஒலி மின்னலையாக மாற்றும், புதிதாக வாங்கிய டி.ஏ.சி.யின் மகிமையை ஊரெல்லாம் பேசித் திரிந்துவிட்டு, மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனையில் வைத்துப் பார்த்த அன்று, அது பழையதைவிட 1 டெசிபல் உரக்கப் பாடியதைத் தவிர வேறொரு விசேஷமும் இல்லையென்று கண்டு வெட்கினவன்.

ஆகவே, இரண்டிலும் அந்தச் சமனிடும் வசதியை நிறுத்து. ஒலியில் எதையும் இழக்காமல் அனுப்பும் லாஸ்லெஸ் அமைப்பைத் திறந்திருக்கிறாயா என்று பார். ப்ளூடூத்தை விட்டுக் கம்பி வழியாகக் கேள். குறுந்தகட்டின் தரமான விநாடிக்கு 1,411 கிலோபிட்டை முழுசாக வாங்கி, கைப்பேசியிலிருந்து ப்ளூடூத்தில் அனுப்பும்போது மறுபடி சுருக்கிவிட்டால், பரீட்சை ப்ளூடூத்துக்கே, சேவைக்கு அல்ல. இவ்வளவு செய்தும் சத்தம் வேறுபட்டால், பதிப்பே வேறாக இருக்கலாம். ரீமாஸ்டர் என்ற பெயரில் பழைய பதிவுகளுக்கு நேரும் அலங்காரங்களைப் பற்றி எழுதினால் தபால் செலவு கட்டாது.

எங்கே காது வைப்பது? எம்.பி.3-ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்மனியின் பிராண்டன்பர்க், பக்கவாத்தியமே இல்லாத சுசான் வேகாவின் குரலில்தான் தம் முறையின் கோளாறுகளைக் கண்டார். கூட்டமான வாத்தியங்களுக்குள் பிழை ஒளிந்துகொள்ளும். நமக்குத் தம்பூராவின் ஜீவாவும், நிசப்தத்தை உடைத்து விழும் கடத்தின் முதல் தட்டும் போதும். அதிகம் சுருக்கிய பதிவில், தட்டுக்கு ஒரு கணம் முன்னரே 'உஸ்' என்று ஒரு மூச்சு முந்திக்கொண்டு கசியும். 320 கிலோபிட்டில் அதை நான் கேட்டதில்லை. அறுபதைக் கடந்த காது இது, உன்னுடையது கேட்கலாம்.

உன் தங்கையை ஆம்ப்ளிஃபயர் அருகே உட்காரவைத்து, நீ சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள். அவள் காசைச் சுண்டி, விழுந்தபடி மாற்றி மாற்றி 16 முறை போடட்டும். எது எதுவென்று அவள் ஒரு காகிதத்திலும் நீ ஒரு காகிதத்திலும் எழுதுங்கள். 12-க்குக் குறையாமல் ஒத்துவந்தால் உன் கட்சியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு காகிதங்களையும் அடித்தல் திருத்தலோடு அப்படியே அனுப்பிவை.